பியூகிள் ஏன் ஊமையாயிற்று?

மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டுச் சிறுமி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஜூலையில் அவளைப் பள்ளி பாண்டு வாத்தியக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். குஞ்சம் வைத்த சீருடையைப் பற்றிய கனவோடு போனவளிடம் ஒரு செம்புப் பியூகிளைக் கொடுத்து, ஆகஸ்டு 15 கொடியேற்றத்துக்குள் பழகி வரும்படி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் மொட்டை மாடியில் நின்று முகம் சிவக்க ஊதினாள். ‘உஸ்’ என்ற காற்றுத்தான் வந்தது.

“குழந்தைக்குத் தம் போதலை சார். நாளைக்கே திருப்பிக் குடுத்துடச் சொல்லிட்டேன்” என்றார் அவளுடைய தாத்தா. சிறுமியின் கண்ணில் நீர் முட்டி நின்றது. ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கினேன்.

மாணவ நண்பர்களே, உங்கள் தம்பியோ தங்கையோ இப்படி ஒரு வாத்தியத்தை வைத்துக்கொண்டு விழித்தால், உதவுவதற்கு உங்களுக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒலியியல் பாடத்தில் படித்த காற்றுத் தம்பமும் ஒத்ததிர்வும் போதும்.

பியூகிளில் ஒலியை உண்டாக்குவது எது? செம்பும் அல்ல, வேகமாகச் செல்லும் காற்றும் அல்ல, உதடுகள்தாம். மூடிய உதடுகளைக் காற்றின் அழுத்தம் பிளக்கிறது. உதட்டின் மீள்தன்மை அவற்றை மீண்டும் மூடுகிறது. வினாடிக்குச் சில நூறு தடவை இது நடக்கும். ஒவ்வொரு திறப்பிலும் ஓர் அழுத்தத் துடிப்பு குழாய்க்குள் ஓடுகிறது. அகன்ற வாயை அடைந்ததும் அதில் ஒரு சிறு பகுதியே வெளியேறி நம் காதுக்கு வருகிறது. பெரும்பகுதி திரும்பி உதட்டுக்கே வந்துவிடுகிறது!

திரும்பி வந்த அலைதான் சூத்திரதாரி. ஊஞ்சலை எந்தத் தருணத்தில் தள்ளினால் அது உயரும் என்று உங்களுக்குத் தெரியும். உதடு திறக்கும் தருணத்தில் அலை வந்து சேர்ந்தால், திறப்புக்குத் துணை செய்யும், அதிர்வு நிலைத்துவிடும். தருணம் தவறினால் அடக்கிவிடும். அந்தத் தருணத்தை நிர்ணயிப்பது குழாயின் நீளமும் வடிவமும். ஆகவே பியூகிள் சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் மட்டுமே ‘சம்மதம்’ சொல்லும்.

நம் சிறுமியின் பியூகிளைப் பிரித்து நீட்டினால் சுமார் நாலரை அடி வரும். அதில் எளிதாகப் பிறக்கும் ஒலிகள் ஏறத்தாழ 233, 350, 466, 583, 700 ஹெர்ட்ஸ். வகுத்துப் பாருங்கள்: 2 : 3 : 4 : 5 : 6. முதல் ஒலியை ஸ என்று வைத்துக்கொண்டால், அடுத்தவை ப, மேல் ஸ, மேல் க, மேல் ப. அவ்வளவுதான். ரி, ம, த, நி கிடையாது. கொடியேற்றத்தில் கேட்கும் பியூகிள் முழக்கங்களெல்லாம் இந்த ஐந்து ஒலிகளுக்குள் அடங்கியவை.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கையைத் தூக்குவார். “ஒரு முனையை உதடு மூடியிருக்கிறதே, அப்படியானால் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை விகிதம் அல்லவா வர வேண்டும்?” நல்ல கேள்வி. அதைச் சோதிக்கத்தான் லஸ் முனையில் ஒன்றரை மீட்டர் தோட்டக் குழாய் வாங்கிவந்தேன். பியூகிளின் வாய்ப்பகுதியைக் கழற்றி, பசைநாடா சுற்றி, குழாயின் முனையில் செருகினோம்.

ஆனால் முதலில் உதட்டுக்குப் பயிற்சி வேண்டியிருந்தது. கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். ஊதும்போது அவள் உதடுகள் விரிந்தே இருந்தன. பிறகு எப்படி அதிரும்? ‘ம்’ என்று உதட்டைச் சேர்த்து, ஓரங்களை இறுக்கி, நடுவை மட்டும் தளர்த்தி, சிறு குழந்தை கார் ஓட்டுவதுபோல் ‘ப்ர்ர்’ என்று ஊத வைத்தேன். அதே ‘ப்ர்ர்’ரை வாய்ப்பகுதிக்குள் செய்ததும் தேனீ ரீங்காரம் பிறந்தது! உதட்டை இறுக்கினால் ஏறியது, தளர்த்தினால் இறங்கியது. மூன்றாம் நாள் தோட்டக் குழாய் கர்ஜித்தது. தாத்தா ஊஞ்சலிலிருந்து எழுந்து வந்தார்.

மறுநாள் அவளே ஓடிவந்தாள். “மாமா, ஓஸ்ல ஸ-வுக்கு அப்புறம் ப வரலை. த மாதிரி இருக்கு!”

பாட்டு கற்பவள் அல்லவா, சரியாகப் பிடித்துவிட்டாள். ஒரே அகலமுள்ள குழாயில் ஒற்றைப்படைதான் ஆட்சி. 3-லிருந்து 5-க்குத் தாவினால் விகிதம் 5/3. அது சதுச்ருதி தைவதம். பியூகிளிலோ விரிந்துகொண்டே போகும் உடலும், மணி போன்ற வாயும், கிண்ணம் போன்ற வாய்ப்பகுதியும் சேர்ந்து அந்த அதிர்வெண்களை இடம் நகர்த்தி 2, 3, 4 என்ற வரிசைக்குக் கொண்டுவருகின்றன. அந்த வடிவத்தை ஒலியியல் சமன்பாடு எதுவும் இல்லாத காலத்திலேயே கொல்லர்கள் செவியால் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இனி வீட்டில் செய்யக்கூடியவை. ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும். உதட்டுத் தசை களைத்தபின் ஊதுவது வீண். ஒலி ஏறவில்லை என்று வாத்தியத்தை உதட்டோடு அழுத்துவது எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு. அழுத்திய உதட்டில் ரத்தம் ஓடாது, அதிர்வும் நிற்கும். முன்பற்கள் விழுந்து முளைக்கும் வயதென்றால், அவை முளைக்கும்வரை அக்குழந்தை பறையடிக்கும் வரிசையில் இருக்கலாம். வாய்ப்பகுதியை ஒருவர் ஊதிய பின் கழுவாமல் மற்றவர் ஊதக் கூடாது. தி. நகர் போன்ற நெருக்கமான அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் வாய்ப்பகுதியை மட்டும் வைத்துப் பழகினால் அண்டை வீட்டாரின் நட்பு நீடிக்கும்.

விடுபட்ட ரி, ம, த, நி வேண்டுமென்றால் குழாயின் நீளத்தை மாற்ற வேண்டும். 1818-இல் பிரஷ்யாவில் காப்புரிமை பெற்ற வால்வு அதைத்தான் செய்தது. டிரம்பெட்டின் மூன்று வால்வுகளும் அழுத்தும்போது கூடுதல் குழாயைச் சேர்த்து, முறையே 2, 1, 3 அரைச்சுரங்கள் இறக்குகின்றன. பியூகிள் படிந்த உதடு டிரம்பெட்டுக்கும் பயன்படும். புதிதாகக் கற்க வேண்டியது விரல்கள்தாம்.

ஆகஸ்டு 15 காலை அவள் இரண்டாவது வரிசையில் நின்றாள். ஸ, ப, மேல் ஸ மூன்றும் தெளிவாக வந்தன. மேல் க மட்டும் ஒரு நொடி உடைந்து, பிறகு சேர்ந்துகொண்டது. கொடி ஏறி முடிந்ததும் தாத்தா என் காதருகே குனிந்தார். “அந்தர காந்தாரம் கொஞ்சம் தடுமாறிடுத்து சார். அந்த ஓஸை இன்னும் ஒரு மாசம் எங்காத்துலயே வெச்சுக்கலாமா?”