தெளிந்த நீரில் ஒரு ஜீவன்

கடலில் வாழும் சிங்கி இறாலை நம்மில் பலர் அறிவோம். அதற்கு நெருங்கிய உறவாயிருந்தும், கடலையே காணாமல், ஓடையிலும் ஏரியிலும் ஆயுளைக் கழிக்கும் ஜந்து ஒன்று உண்டு. அதுதான் கிரேபிஷ். உலகில் அறுநூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பினும், பாரத நாட்டு நீர்நிலைகளில் இயற்கையாக ஒரு வகைகூட இல்லை.

ஐரோப்பாவிலே அதன் வாசஸ்தலத்தைப் பார்ப்போம். தெளிந்த ஜலம், ஒதுங்கக் கல்லிடுக்கு, கரையோரத்து மரவேர், ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து - இவையே அதன் தேவைகள். பகலெல்லாம் பதுங்கியிருந்து, இரவில் வெளிப்பட்டு, உதிர்ந்த இலையையும் புழுவையும் செத்த மீனையும் உண்ணும்.

இந்த எளிய வாழ்க்கைக்கும் வினை வந்தது. 1859-ல் இத்தாலியில் கிரேபிஷ்கள் கூட்டங் கூட்டமாக மடிந்தன. வட அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட, பூசணம் போன்ற ஒரு நுண்ணுயிரே காரணம். 1907-ல் ஸ்வீடனிலும் அந்நோய் புகுந்தது. வெறுமையான ஏரிகளை நிரப்ப எண்ணி, 1960-ல் அந்நாட்டார் அமெரிக்கக் கிரேபிஷைத் தருவித்தனர். நோயைத் தாங்கும் வலிமை அதற்கு இருந்தது. அதைச் சுமந்து பரப்பும் இயல்பும் கூடவே இருந்தது! எஞ்சியிருந்த சுதேச இனத்துக்கு அதுவே யமனாயிற்று.

இன்று அச்சுதேச இனம் பிழைத்திருப்பது, பெரும்பாலும் அந்நிய இனம் எட்டாத தனித்த நீர்நிலைகளில்தான். ஜலம் தெளிவாயிருந்தால் மட்டும் போதாது. அதில் நாம் எதைக் கொண்டுபோய் விடுகிறோம் என்பதிலும் விவேகம் வேண்டும். கண்ணாடித் தொட்டி மீன் அலுத்துப்போனால் ஊர் ஏரியில் விட்டுவிடலாமென்று எண்ணும் நம் இல்லங்களுக்கும் இப்பாடம் பொருந்துமன்றோ?