கெத்து வேறு, பிரியம் வேறு

பெங்களூரின் தனியார் பள்ளிகளில் எல்லாருக்கும் ஒரே சீருடைதான். ஆனாலும் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால், யார் பெரிய ஆள் என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி. ஷூவின் பிராண்ட், கையிலிருக்கும் ஸ்மார்ட் வாட்ச், ஆங்கிலம் பேசும் தோரணை, பிறந்தநாள் கொண்டாடிய மால் எல்லாமே கணக்கில் சேரும். இந்தக் கணக்கில் தன் பிள்ளை பின்தங்கிவிட்டதே என்று கவலைப்படும் பெற்றோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. வகுப்பே யாரைப் பற்றிப் பேசுகிறதோ, அந்தப் பிள்ளையைத்தான் வகுப்புக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கோய், டாட்ஜ், கோப்போடெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1982இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளிடம் யாரை மிகவும் பிடிக்கும், யாரைப் பிடிக்கவே பிடிக்காது என்று கேட்டார்கள். இரண்டு பட்டியலிலும் ஏராளமாக இடம்பிடித்த பெயர்கள் சில இருந்தன. கெத்தாகத் திரியும் பிள்ளைகளில் பலர் இந்த ரகம்தான்.

பிழைக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கெத்தும் வேண்டாமா என்று கேட்கலாம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலன் 184 பேரை 13 வயதிலிருந்து 23 வயது வரை தொடர்ந்து கவனித்து, 2014இல் முடிவை வெளியிட்டார். பதின்மூன்றில் காதல், சில்லறை அடாவடி, அழகான நண்பர் கூட்டம் என்று பெரியவர்போல் நடந்துகொண்டவர்களின் மவுசு சில ஆண்டுகளில் கரைந்தது. இருபதுகளில் குடி, போதை, சட்டச் சிக்கல் ஆகியவை அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். அந்த நடத்தையே இந்தச் சிக்கல்களுக்குக் காரணம் என்று ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனால் அந்தக் கெத்து நெடுநாள் உதவவில்லை என்பது தெரிகிறது.

அது அமெரிக்காவின் கதை, நமக்குப் பொருந்தாது என்றால் டெல்லியைப் பார்ப்போம். அங்கே வசதியான பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கச் சொன்ன பிறகு நடந்ததைப் பொருளியலாளர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். கட்டுரை 2019இல் வந்தது. பரிசுப் பணம் வைத்து ரிலே ஓட்டம் நடத்தி, கூட ஓட ஆளைத் தேர்ந்தெடுக்கும்படி வசதியான பிள்ளைகளிடம் சொன்னார். வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை ஒதுக்கிவிட்டு, மெதுவாக ஓடும் வசதியான பிள்ளையைச் சேர்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஏழைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்களிடம் அந்தப் பாகுபாடு குறைவு. ஆக, யாருக்கு மதிப்பு என்பதைப் பணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது.

கர்நாடகமோ எதிர்த்திசையில் போனது. அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டைத் தர வேண்டியதில்லை என்று விதியை மாற்றியது. சட்டம் எப்படியிருந்தாலும், இருக்கைகளையும் விளையாட்டு அணிகளையும் அவ்வப்போது கலைத்துப்போட ஆசிரியர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மதிப்பெண்ணோடு சேர்த்து, பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்றும் கேளுங்கள்.