நூறு மெகாபிட் எங்கே போயிற்று?

மாணவர்களே, சென்ற ஆண்டு என் மகள் இணையவழியில் ஒரு மாதிரித் தேர்வு எழுதிக் கொண்டிருந்தாள். முப்பத்தோராவது வினாவில் திரையில் ஒரு வட்டம் சுழலத் தொடங்கியது. நேரம் முடியும்வரை அது சுழன்று கொண்டேயிருந்தது. மாதந்தோறும் 100 மெகாபிட் வேகத்துக்குப் பணம் கட்டுகிறவன் நான். இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கத்தினேன். மறுநாள் வந்த இளைஞர் மடிக்கணினியைக் கம்பி வழியாக ரூட்டருடன் இணைத்துக் காட்டினார். 94 வந்தது. "லைன் சரியா இருக்கு சார். உங்க வீட்டுச் சுவர்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இயற்பியல் கற்பிக்கும் எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

முதலில் ஒரு சிறு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விளம்பரத்தில் வருவது மெகாபிட். கோப்பை இறக்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான். 12 வருகிறதே என்று சண்டைக்குப் போக வேண்டாம்!

இப்போது சுவருக்கு வருவோம். ரூட்டர் என்பது உங்கள் வீட்டிலுள்ள ஒரு குட்டி வானொலி நிலையம். அதன் திறன் ஒரு வாட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் என்ன? ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள்: 12.5 செ.மீ. வரும். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் 6 செ.மீ. இந்த இரண்டாவது அலை அதிகச் செய்தியைச் சுமக்கும். ஆனால் சுவரைக் கடப்பதில் இளைத்துவிடும். சுவரே இல்லாத வெளியிலும், தொலைவு 2 மீட்டரிலிருந்து 8 மீட்டரானால் கிடைக்கும் ஆற்றல் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். கம்பி கட்டிய கான்கிரீட், நிலைக்கண்ணாடி பதித்த பீரோ, மீன் தொட்டி ஆகியவை குறுக்கே நின்றால் கேட்கவே வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும், நீர் உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்பு நீருள்ள உணவைச் சூடாக்குவதும் ஏறக்குறைய இதே அதிர்வெண்ணில்தான், 2.45 கிகாஹெர்ட்ஸில். அதிலிருந்து கசியும் சிறு அலை நமக்குக் கெடுதல் செய்யாது. பக்கத்திலுள்ள வைஃபையைக் குழப்பிவிடும்.

என் ரூட்டர் எங்கே இருந்தது தெரியுமா? பார்வைக்கு அழகாக இல்லையென்று இரும்பு அலமாரிக்குள்! வெளியே எடுத்து, கூடத்தின் நடுவில் உயரமாக வைத்தேன். மகளின் அறையில் 11 ஆக இருந்த வேகம் 48 ஆயிற்று. செலவு ஒன்றுமில்லை.

ஆனால் இரவு ஒன்பது மணிக்கு வட்டம் மீண்டும் சுழன்றது. அலமாரி பகலில் ஒருவிதமாகவும் இரவில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளாதே! எனவே ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்தேன். ஒரே மடிக்கணினி, கம்பி இணைப்பு, வீட்டில் மற்ற கருவிகள் எல்லாம் நிறுத்தம். காலை ஆறு, பகல் ஒன்று, இரவு ஒன்பது என்று பதினான்கு நாள் அளந்தேன். காலையில் எப்போதும் 90க்கு மேல். இரவில் 20 முதல் 30.

தெருவில் ஒரு கண்ணாடி இழை வருகிறது. ஒளியைப் பிரிக்கும் சிறு பெட்டி அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகிறது. பரவலாக உள்ள ஜிபான் என்னும் முறையில் அந்த இழை நொடிக்கு 2,488 மெகாபிட் கொண்டுவரும். 32 வீடுகளும் ஒரே நேரத்தில் முழுவேகத்தில் இழுத்தாலும் வீட்டுக்குச் சுமார் 78 கிடைக்க வேண்டும். 64 வீடுகள் என்றாலும் 39. எனக்கு வந்ததோ அதற்கும் கீழே. ஆகவே நெரிசல் எங்கள் தெருவில் இல்லை. பெரும்பாலும் அதற்கு அப்பால், நிறுவனம் வெளி உலகத்தோடு வைத்திருக்கும் பொதுப் பாதையில். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்று எண்ணித்தான் இணைப்புகளை விற்கிறார்கள். அது தவறன்று, தொலைபேசி நிலையங்களும் அப்படித்தான் அமைந்தன. எண்ணிக்கை மீறும்போதுதான் வம்பு. "100 வரை" என்ற விளம்பரத்தில் அந்த "வரை" எவ்வளவு சிறிய எழுத்தில் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

அளவீடுகளுடன் புகார் எழுதினேன். "சரிசெய்யப்பட்டது" என்று இரண்டே நாளில் குறுஞ்செய்தி வந்தது, எதுவும் மாறவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டுக்கு ஏற்பாடு இருக்க வேண்டும்; அதற்குக் கட்டணம் கிடையாது. பதினான்கு நாள் அட்டவணையை அங்கே அனுப்பினேன். இந்த முறை பேசியவர் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரவு எத்தனை மணிக்கு அளந்தீர்கள், கம்பியிலா வைஃபையிலா என்று கேட்டார். மூன்று வாரம் கழித்து ஒன்பது மணி அளவீடு 70ஐத் தொட்டது.

கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் இரவுகளில் இன்னும் 40க்கு இறங்குகிறது. நோட்டுப்புத்தகம் இப்போது மகளிடம் இருக்கிறது.