கொழுக்கிப்புழுவும் வெறுங்காலும்

மனிதர் குடலில் வாழும் புழுக்களுட் பல வாய்வழியே உட்புகுவன. கழுவாத கையும் கழுவாத கீரையும் வட்டப்புழுவின் முட்டைகளுக்கு வாகனமாகின்றன. கொழுக்கிப்புழுவோ பெரும்பாலும் பாதத்தின் தோலைத் துளைத்து வருவது. தலைப்பாகம் வளைந்திருத்தலின் அதற்கு இப்பெயர் உண்டாயிற்று.

1838ஆம் ஆண்டில், இத்தாலியின் மிலான் நகரிலே துபினி என்னும் வைத்தியர், இறந்த பெண்ணொருத்தியின் குடலில் இப்புழுவைக் கண்டார். அதன் பின்னும் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அது புகும் வழி புலப்படவில்லை. கெய்ரோவில் ஆராய்ச்சி செய்த லூஸ் என்னும் ஜேர்மானிய அறிஞரின் கையில், குடம்பிகள் நிறைந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அவ்விடம் சிவந்து எரிந்தது. சில வாரங்களின் பின் அவருடைய மலத்தில் இப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. 1898இல் அவர் இதனை வெளியிட்டபோது நம்ப மறுத்தோர் பலர். குடலிலுள்ள புழு தோல்வழியே வந்ததென்றால் எளிதில் யார் ஒப்புவர்?

மலத்தோடு வெளியேறும் முட்டைகள் ஈரமும் நிழலும் வெப்பமும் வாய்ந்த மண்ணில் ஓரிரு நாளிற் பொரிக்கும். குடம்பிகள் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் வன்மை பெறும். அவை இரத்தத்தோடு சென்று சுவாசப்பையை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலிற் சேரும். அங்கே ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் நீளத்திற்கு வளர்ந்து, குடற்சுவரைக் கௌவி இரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழுவால் நாளொன்றுக்கு இழக்கப்படுவது சில துளிகளே. நூற்றுக்கணக்கிற் பெருகின் உடலின் இரும்புச்சத்துக் குன்றிக் கடுஞ்சோகை உண்டாகும்.

மழையும் நிழலும் மிக்க இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் இப்புழுவுக்கு உகந்த நிலமாயின. லயங்களிலே போதிய மலசலகூடங்கள் இல்லை. தொழிலாளர் வெறுங்காலோடு வேலை செய்தனர். முகம் வெளுத்துத் தளர்ந்த தொழிலாளியைச் சோம்பேறியென்று ஏசுவது எளிது. அவன் குடலில் இரத்தம் கசிந்துகொண்டிருப்பது ஏசுவோர் கண்ணுக்குப் புலப்படுவதன்று.

1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் தாபனத்தார் இத்தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். மருந்துண்ட தொழிலாளர் குணமடைந்தனர். ஆயின் அவர்கள் மிதித்த மண் பழைய மண்ணே. ஆதலால் நோய் மீண்டும் பற்றியது. மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட முதலாளிமார் பலர் தயங்கினர். மருந்தை வாரி வழங்கிய கைகள் இவ்விடத்திற் சுருங்கியமையே அம்முயற்சியின் பெருங்குறை எனலாம். பின்னர், ஒரு நோயை மாத்திரம் துரத்தாது ஊரின் சுகாதாரம் முழுவதையும் பேணும் நோக்குடன், 1926இற் களுத்துறையிலே சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது.

இக்காலத்து மருந்துகளான அல்பெண்டசோலும் மெபெண்டசோலும் அக்கால மருந்துகளினும் தீங்கு குறைந்தவை. இலங்கையிற் கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்தபின் மெபெண்டசோல் வழங்கப்படுகிறது. ஆயினும் இவை கொல்வது குடலிலுள்ள புழுவையே; ஒருமுறை நோயுற்று நீங்கியவனை மறுமுறை பற்றாது காக்கும் எதிர்ப்பு வன்மையும் உடலில் உண்டாவதில்லை. மண்ணிற் கிடக்கும் குடம்பிகளோ, ஈரமும் நிழலும் உள்ளவரை, சில வாரங்கள் உயிரோடிருந்து அடுத்த வெறுங்காலுக்குக் காத்திருக்கும்.