சிறுவர் நூற்றெரிவு: சில அளவுகோல்கள்

சிறுவருக்கான நூல்களைப் பெற்றோரும் ஆசிரியரும் நூலகருமே தெரிவுசெய்கின்றனர், பிள்ளை வாசிக்கின்றது. நூற்றெரிவின் அடிப்படைச் சிக்கல் இதுவே. நம்மிடையே இதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஆறுமுகநாவலர் 1850ஆம் ஆண்டளவில் வெளியிடத் தொடங்கிய பாலபாடங்கள் எளிய உரைநடையைப் பிள்ளைகளுக்கு அளித்தன. கல்வியும் சமயவொழுக்கமுமே அவற்றின் நோக்கமாயிருந்தன. அக்காலத் தேவையை நிறைவுசெய்த அந்நோக்கம், காலம் மாறிய பின்னரும் தெரிவின் ஒரே அளவுகோலாக நீடிப்பதே விமரிசனத்துக்குரியது.

கதையின் நீதி யாது என வினவுமுன், அக்கதையில் யார் இடம்பெறுகின்றனர், யார் இடம்பெறவில்லை என வினவுதல் வேண்டும். அமெரிக்காவில் 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்த நான்சி லாரிக், கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை 6.7 வீதமே என 1965இல் எடுத்துக்காட்டினார். நூல்கள் பிள்ளைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறர் உலகைக் காட்டும் சாளரமாகவும் அமையவேண்டும் என 1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் எழுதினார்.

இவ்வளவுகோலை நமது நூலகங்களிற் பொருத்திப் பார்த்தல் தகும். தோட்டத்து லயன் அறையில் வளரும் பிள்ளையும், கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளையும், போரினால் இடம்பெயர்ந்தோரின் பிள்ளையும் தம்மை எந்நூலிற் காண்பர்? காணின், இரக்கத்துக்குரியோராகவா, சிந்தித்துச் செயற்படுவோராகவா? தமிழ்நாட்டு நூல்கள் நமக்கு வேண்டியவையே. எனினும், வீட்டில் 'கதைக்கும்' பிள்ளை அச்சொல்லை அச்சில் ஒருபோதும் காணாவிடின், தன் பேச்சு நூலுக்குரியதன்று என எண்ணத் தலைப்படும்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் நிலை மேலும் நுண்ணியது. காதல், சாதி, சீதனம், போர், மரணம் என்பன அவர்கள் அறியாதவையல்ல. இவற்றைப் பேசும் நூல்களை அஞ்சி விலக்குவதிலும், நேர்மையாகப் பேசுவனவற்றைத் தேடிக் காண்பதே தெரிவுசெய்வோர் கடனாகும். வாசகரின் பத்து உரிமைகளை 1992இல் வகுத்த பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பெனாக், வாசியாதிருக்கும் உரிமையையே முதலில் வைத்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. விருப்பின்றித் திணிக்கப்படும் வாசிப்பு, பரீட்சையோடு முடிந்துவிடும்.

சிறுவர் நூல்களின் ஆக்கத்தையும் பரம்பலையும் ஊக்குவிக்குமாறு கூறும் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தம்மைப் பாதிக்கும் விடயங்களிற் கருத்துரைக்கும் உரிமையையும் அச்சமவாயம் பிள்ளைகளுக்கு வழங்குகின்றது. ஆகவே, பாடசாலை நூலகத்துக்கு நூல் வாங்குமுன் ஆசிரியர் அதனை முழுமையாக வாசித்தலும், மாணவர் சிலரிடம் கொடுத்து அவர்தம் கருத்தைக் கேட்டறிதலும் நடைமுறையாதல் வேண்டும். பெருஞ்செலவு வேண்டாத இம்முயற்சியை எந்தப் பாடசாலையும் இவ்வாண்டே தொடங்கலாம்.