ஒரு ராத்திரி தங்கும் சைக்கிள் பயணத்துக்குப் பையில் என்ன வைப்பது?

விழுப்புரம் பக்கம் குகைக்கோயிலும் கல்வெட்டும் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பார்க்க வேண்டிய இடங்களில் பலதும் மெயின் ரோட்டில் இருக்காது. பஸ் நம்மை ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும், மிச்ச தூரம் நடைதான். ஒரே நாளில் இரண்டு இடம் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரு ராத்திரி வெளியே தங்கினால், சாதாரண சைக்கிளிலேயே ஒரு நல்ல சுற்று முடித்துவிடலாம்.

நான் உதாரணமாக எடுத்துக்கொள்ளும் பாதை இது. விழுப்புரத்தில் கிளம்பி செஞ்சி சாலையில் போனால் தளவானூரும் மண்டகப்பட்டும். இரண்டும் முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரைகள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக அவன் சொல்லும் கல்வெட்டு மண்டகப்பட்டில்தான் இருக்கு. அங்கிருந்து மேற்கே ராஜசிம்மன் கட்டிய பனமலைக் கோயில். பிறகு கண்டாச்சிபுரம், முகையூர் வழியாகத் திருக்கோவிலூர் போய் ராத்திரி தங்கல். மறுநாள் காலையில் ஜம்பை. அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் வரும் தமிழி கல்வெட்டு 1981-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஊர். பார்த்துவிட்டு விழுப்புரம் திரும்பலாம். ஒரு நாளைக்கு சுமார் 70 கிலோமீட்டர்.

இதற்கு என்னென்ன எடுத்துப்போவது? இந்தக் கேள்வியை இணையத்தில் தேடினால், கிராம் கணக்கில் எடையைக் குறைக்கச் சொல்லும் பட்டியல்கள்தான் வரும். அவை மலை ஏறுகிறவர்களுக்கு எழுதியவை. நம்ம ஊருக்குப் பொருந்துமா என்று ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஆள் 70 கிலோ, சைக்கிள் 18 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர், சமதளம் என்று வைத்துக்கொள்வோம். டயர் உருளும்போது ஏற்படும் தடை சுமார் 7 நியூட்டன். காற்றின் தடை சுமார் 6 நியூட்டன். இரண்டையும் சமாளிக்கக் கால் தர வேண்டிய திறன் 55 வாட் அளவில் வரும். இப்போது கேரியரில் 5 கிலோ ஏற்றுங்கள். டயர் தடை மட்டும் 0.4 நியூட்டன் கூடும். அதாவது மொத்தத்தில் 3 சதவீதம். அதே சமயம் மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால், தேவைப்படும் திறன் 100 வாட்டைத் தொடும். கிட்டத்தட்ட இரட்டிப்பு!

ஆக, சமதளத்தில் 5 கிலோ ஒரு பெரிய விஷயமே இல்லை. நம்மைச் சோர்வாக்குவது காற்றும் வெயிலும்தான். அதனால் பை கட்டும்போது கேட்க வேண்டிய கேள்வி 'இது எவ்வளவு எடை?' என்பதல்ல. 'இது வழியில் கிடைக்குமா, எந்நேரமும் கிடைக்குமா?' என்பதுதான். இந்தக் கேள்வியை வைத்து எல்லாப் பொருளையும் மூன்று குவியலாகப் பிரித்துவிடலாம்.

முதல் குவியல்: வழியில் எங்கேயும் கிடைப்பது. இட்லி, டீ, பிஸ்கட், வாழைப்பழம், சோப்பு, பிளேடு எல்லாம் இதில் சேரும். திருக்கோவிலூரில் லாட்ஜ் இருப்பதால் பாய், போர்வை, கூடாரமும் இதில்தான். இவற்றை வீட்டிலேயே விட்டுவிடலாம். 1884-ல் உயரச் சக்கர சைக்கிளில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் எடுத்துப்போனது மாற்றுச் சட்டை, காலுறை, ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி, அவ்வளவுதான். கூடாரமாகவும் படுக்கையாகவும் அந்தக் கோட்டுதான் உதவியது. நமக்குத் துப்பாக்கி வேண்டாம். கோட்டின் இடத்தில் ஒரு கைலி போதும். உடை மாற்ற, போர்த்திக்கொள்ள, துவட்ட, அவசரத்துக்குக் கட்டுப்போட என்று எல்லாவற்றுக்கும் ஆகும்.

இரண்டாவது குவியல்: பகலில் மட்டும் கிடைப்பது. ஆபத்து இருப்பது இங்கேதான். பஞ்சர் கடை, மருந்துக்கடை, குடிக்கிற தண்ணீர் மூன்றும் பகல் பொழுதில் ஊருக்கு ஊர் கிடைப்பது போலத் தெரியும். ஆறு மணிக்கு மேல் அதே ரோட்டில் ஒவ்வொன்றாக மறைந்துவிடும். பகல் பயணத்துக்கும் ராத்திரி தங்கும் பயணத்துக்கும் உள்ள முக்கிய வித்தியாசமே இதுதான். ஆகவே இந்தக் குவியலில் இருப்பதில் ஒரு முறைக்குப் போதுமான அளவு கையில் இருக்கணும். ஒரு ட்யூப், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், டயர் கழற்றும் லீவர் இரண்டு, கைப்பம்பு, உங்கள் சைக்கிளின் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர்.

பஞ்சர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும். இந்தப் பக்கத்து மண்பாதையில் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று நெருஞ்சி. அதன் காய் உலர்ந்தால் ஐந்து துண்டாகப் பிரியும். எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். இன்னொன்று சீமைக்கருவேல முள். அது டயருக்குள் ஏறி முனை மட்டும் ஒடிந்து நிற்கும். ட்யூபை மாற்றிவிட்டு டயரை அப்படியே மாட்டினால் அடுத்த கிலோமீட்டரில் புது ட்யூபும் போச்சு. டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி சிக்கும்.

அடுத்தது வால்வு. நம்ம ஊர் சாதா சைக்கிளில் இருப்பது உள்ளே வால்ட்யூப் போட்ட வுட்ஸ் வால்வு. கிராமத்துக் கடைக்குப் பழக்கமானது. பைக், காரில் இருப்பது ஷ்ரேடர். பெட்ரோல் பங்கில் காற்றடிக்க ஒத்துவரும். விலை கூடிய ரோடு சைக்கிளில் வருவது ஒல்லியான ப்ரெஸ்டா. இதற்குக் கடைப் பம்பும் சேராது, பங்கும் சேராது. விரல் நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறார்கள், எடை சில கிராம்தான். அது இல்லாவிட்டால் காற்று இருக்கும் இடத்திலேயே காற்றில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

டயர் அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. கறுப்புச் சாதா சைக்கிளின் 28×1½ டயரையும், ரோடு சைக்கிளின் 700சி டயரையும் 'இருபத்தெட்டு' என்றே சொல்வதுண்டு. ஆனால் முதலாவதன் ரிம் அளவு 635 மில்லிமீட்டர், இரண்டாவது 622. ஒன்றின் டயர் இன்னொன்றில் உட்காராது. உங்கள் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில் ட்யூப் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் கறுப்பு சைக்கிள்தான் கெட்டிக்காரன். பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி வீட்டில் நல்ல நிலையில் இருந்தால் அதுவே தாராளம். பயணத்துக்காக முப்பதாயிரம் ரூபாய் போட்டுப் புது சைக்கிள் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வெயிலில் மிதிக்கும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையாகப் போகும். இரண்டு லிட்டர் கையில் இருந்தால், அடுத்து நிரப்ப இரண்டு மணி நேரம் இருக்குன்னு அர்த்தம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 21 கிராம்தான், முழு ஒரு லிட்டரில்தான் கலக்கணும். பொட்டலம் இல்லாத நேரத்தில் உப்புப் போட்ட மோர் போதும். அக்னி நட்சத்திர நாட்களில் இந்தப் பயணமே வேண்டாம். மார்கழி, தை, மாசிதான் சரியான காலம்.

மூன்றாவது குவியல்: எங்கேயும் கிடைக்காதது. உங்கள் மூக்குக்கண்ணாடி, தினசரி மாத்திரை, அடையாள அட்டை, லாட்ஜுக்கும் டீக்கடைக்கும் ரொக்கம். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இரண்டு நாளுக்கு நான்கு நாள் மாத்திரை வைக்கணும். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் பெயருக்கு ஏற்ப 5,000 பேட்டரி போனை இரண்டு முறை நிரப்பாது. இழப்பெல்லாம் போக ஒன்றரை முறைதான்.

பின்பக்கச் சிவப்பு விளக்கும் இந்தக் குவியல்தான். அறுவடை சீசனில் இந்தச் சாலைகளில் ராத்திரி கரும்பு டிராக்டர்கள் ஓடும். லோடு ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு வரும். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் வண்டிகளும் சேரும். டைனமோ விளக்கை நம்ப வேண்டாம், சைக்கிள் நின்றால் அதுவும் அணைந்துவிடும். பேட்டரி விளக்கு வேண்டும். அது இருக்கிறது என்பதற்காக இருட்டில் ஓட்டவும் வேண்டாம். தை மாதத்தில் ஆறு மணி சுமாருக்குப் பொழுது இறங்கிவிடும். நேரத்தைச் சரிபார்க்க முகையூர் நல்ல இடம். ஒன்றியத் தலைமையிடம், கடைகள் உண்டு. அங்கே மணி நாலரையைத் தாண்டிவிட்டால் வேறு எங்கும் நிற்காமல் நேரே திருக்கோவிலூர் போய்விடுங்கள். வீரட்டானேஸ்வரரைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் மங்கிய எழுத்தைப் படிக்க, நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சாக்பீஸ், எண்ணெய் எதையும் எழுத்தின் மேல் தடவக் கூடாது.

சோப்பை முதல் குவியலில் விட்டேன் இல்லையா? ஒரு சிறு துண்டு மட்டும் பையில் இருக்கட்டும். தெருநாய் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்து போங்கள். மீறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளணும்.

எல்லாம் சேர்த்து 5 கிலோவுக்குள் அடங்கும், அதில் 2 கிலோ தண்ணீர். இதை முதுகில் மாட்டாதீர்கள். முதுகு வியர்த்து, இடுப்பு கழன்றுவிடும். பால்காரர்கள் கேனைக் கேரியரின் இரண்டு பக்கமும் தாழத் தொங்கவிடுவதைக் கவனியுங்கள். பாரம் கீழேயும் சமமாகவும் இருந்தால் ஹேண்டில் ஆடாது. இரண்டு உரச் சாக்கை நன்றாகக் கழுவிக் காயவைத்து, உள்ளே பிளாஸ்டிக் கவர் போட்டு, பழைய ட்யூபை நீளமாக வெட்டிய ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினால் அதுவே பை. தொங்கும் பட்டை நுனி சக்கரத்தில் சிக்காமல் உள்ளே செருகிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் முழுச் சுமையோடு பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். குதிகால் பையில் இடிக்கிறதா, பிரேக் பிடித்தால் பழைய இடத்தில் நிற்கிறதா, எந்த நட்டு ஆடுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். பக்கத்துக் கடை திறந்திருக்கும்போதே சரிசெய்துவிடலாம்.