உழைப்பின் கணக்கு ஒன்றாயிருக்கட்டும்

உழைத்து ஓய்ந்தவன் முதுமையில் பிறர் கையை எதிர்பார்த்து நிற்றலாகாது என்பது திருச்சபையின் நெடுநாளைய போதனை. 1891-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி வரைந்த சுற்றுமடலில், முதுமைக்கும் நோய்க்கும் முன்னேற்பாடு வேண்டும் என்று வற்புறுத்தினார். 1981-இல் திருத்தந்தை 2-ஆம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஓய்வூதியம் தொழிலாளரின் உரிமைகளுள் ஒன்று என்றே குறித்தார். உரிமை என்றபின் அதைக் காத்துக்கொள்வதும் கடமையன்றோ?

நம் நாட்டில் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் இயற்றப்பட்டது. 1995 நவம்பர் 16 முதல் அதனோடு ஓய்வூதியத் திட்டமும் சேர்ந்தது. சேலையூரிலும் தாம்பரத்தைச் சூழ்ந்த பங்குகளிலும் வாழும் குடும்பங்களுள், ஏற்றுமதி மண்டலத்திலும் கிண்டித் தொழிற்பேட்டையிலும் தனியார் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றுவோர் பலர். இவர்களது ஊதியத்தில் பிடிக்கப்படும் நூற்றுக்கு 12 பங்கும், முதலாளி தரும் 12 பங்கும் நிதிக்குச் செல்கின்றன. முதலாளி தருவதில் 8.33 பங்கு ஓய்வூதியக் கணக்கிற்குப் போகிறது. ஊதியம் 15,000 ரூபாய் என்றால், மாதந்தோறும் 1,250 ரூபாய் ஓய்வூதியத்திற்குச் சேரும்.

ஒருவரின் உழைப்பு இன்று இரு ஏடுகளில் பதிவாகிறது. ஒன்று வைப்பு நிதியின் ஏடு. மற்றது வருமான வரித்துறையின் ஏடு. முன்னதற்கு 2014 முதல் வழங்கப்படும் 12 இலக்க யு.ஏ.என். எண் திறவுகோல், பின்னதற்குப் பான் எண். ஆதார் இரண்டையும் இணைக்கிறது. இவற்றுள் பெயரோ பிறந்த நாளோ ஒவ்வாதிருப்பின், உரிய பணம் உரிய வேளையில் கைக்கு வாராது.

இந்த இடர்ப்பாடு நம் மக்களுக்கு அதிகம். அந்தோணி என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'எச்' எழுத்தைச் சேர்ப்பார், மற்றொருவர் விட்டுவிடுவார். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைப்பது நம் மரபு. பான் அட்டையிலோ அது விரிந்து தனிப்பெயராகி நிற்கும். மணமான பெண்ணின் தலைப்பெழுத்து மாறிவிடும். திருமுழுக்குப் பெயர் ஓர் ஏட்டிலும், வீட்டில் அழைக்கும் பெயர் மற்றோர் ஏட்டிலும் ஏறிவிடும். ஆள் ஒருவரே, ஏடுகளில் மட்டும் இருவராகிவிடுகிறார்.

வேலை மாறும்போது நேரும் இழப்போ இன்னும் பெரிது. மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பின் ஒருவர் ஓரிடத்தில் 6 ஆண்டும், வேறிடத்தில் 5 ஆண்டும் உழைத்தார் என்று கொள்வோம். இரண்டையும் சேர்த்தால் 11 ஆண்டு. கடைசி 60 மாதச் சராசரி ஊதியம் 15,000 என்றால், அதை 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க, 58-ஆம் வயதில் மாதம் 2,357 ரூபாய் கிடைக்கும். கணக்குகள் சேராதிருந்தாலோ, இரண்டில் எதுவும் பத்தை எட்டாது. மாத ஓய்வூதியமே இல்லை.

வரியிலும் இதே நிலைதான். தொடர்ச்சியாக 5 ஆண்டு நிறையுமுன் எடுக்கும் வைப்பு நிதி 50,000 ரூபாயை எட்டினால், பொதுவாக நூற்றுக்குப் பத்து வரியாகப் பிடிக்கப்படும்; பான் எண் தராவிடில் இன்னும் மிகுதி. பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றியிருந்தால், இரு பணிக்காலமும் தொடர்ச்சியாகவே எண்ணப்படும்.

ஆதலால் குடும்பத் தலைவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் மூன்று தாள்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்: ஊதியச் சீட்டு, வைப்பு நிதிப் பாஸ் புத்தகம், வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை. வரித்துறை முழு ஊதியத்தைக் காண்கிறது. வைப்பு நிதியோ அதில் சட்டம் குறித்த பகுதிக்கே கணக்கிடப்படுகிறது. எனவே தொகைகள் வேறுபடலாம். உழைத்த மாதங்கள் வேறுபடலாகாது. ஊதியச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ் புத்தகத்தில் வரவு இல்லையெனில், உடனே முதலாளியிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பதில் இல்லையேல் வைப்பு நிதி அலுவலகத்தில் முறையிட வேண்டும். பழைய நிறுவனத்தை விட்டு நீங்கிய தேதி பதிவாகியுள்ளதா என்பதையும் பார்க்கவும். ஆதார் சரிபார்க்கப்பட்டவர்கள் பெயர், பிறந்த நாள், பணியில் சேர்ந்த தேதி முதலியவற்றைத் தாமே இணையத்தில் திருத்திக்கொள்ளும் வசதி 2025 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது. 2017 அக்டோபருக்கு முன் எண் பெற்றோர்க்கு முதலாளியின் ஒப்புதல் வேண்டும். பிறந்த நாளுக்கு ஆதாரைச் சான்றாக ஏற்பதை 2024 ஜனவரியில் வைப்பு நிதி நிறுவனம் நிறுத்திவிட்டது. பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ பத்திரப்படுத்துங்கள்.

இவையெல்லாம் எழுத்தர் வேலை என்று தள்ளிவிடுவோர் ஒன்றை நினைக்க வேண்டும். பணியிலிருக்கையில் ஒருவர் இறந்தால், ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலும் அவர் மனைவிக்கு ஓய்வூதிய உரிமை உண்டு. ஆனால், உயிரோடிருக்கையில் அவர் ஒரு மனுவால் திருத்தியிருக்கக்கூடிய எழுத்துப்பிழைக்காக, அந்தக் கைம்பெண் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு அலுவலகப் படிகளில் காத்திருக்க நேரிடும். திருமணத்திற்கு முன் தாய் தந்தையர் பெயரில் செய்த நியமனம் திருமணத்தால் செல்லாததாகிறது என்பதைப் பலர் அறியார். மணமான கையோடு அதைப் புதிதாக எழுதிவிடுவது மனைவிக்குச் செய்யும் முதற்கடமைகளுள் ஒன்று.

1563-இல் திரெந்துச் சங்கம் திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குதோறும் ஏட்டில் எழுதக் கட்டளையிட்டது. இன்றும் ஒருவர் எந்த ஊரில் மணம் முடித்தாலும், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஏட்டில் அது குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஒருவரின் வாழ்வு பல ஊர்களில் சிதறினாலும், அவரது பதிவு ஓரிடத்தில் ஒன்றுசேர வேண்டும் என்ற அக்கறையே அதன் உட்பொருள். அதே அக்கறையை நம் உழைப்பின் ஏட்டிலும் காட்டுவோம்.

முதலாளிகளாயிருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல்: தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது கணக்குத் தவறு மட்டுமன்று, கூலியை அபகரிக்கும் பாவமுமாகும். கணினி பயின்ற இளைஞர்கள், ஞாயிறு பூசைக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கி, எழுதப் படிக்கத் தயங்கும் முதியவர்களுக்கு இதில் உதவுவார்களாயின், அதுவும் நல்லதோர் இரக்கச் செயலே. குடிக்கணக்கில் தம் பெயரைப் பதியப் பெத்லகேமுக்கு நெடுவழி நடந்த புனித சூசையப்பர், உழைக்கும் நம் குடும்பங்களுக்காக மன்றாடுவாராக!